வங்கி ஏலத்தில் வீடு எடுக்கப் போகிறீர்களா? முதலில் பணத்தையும் சாவியையும் பேசுவோம்

பேப்பரில் பக்கம் முழுக்க வரும் ஏல அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். பொடி எழுத்தில் கடன்தாரர் பெயர், சர்வே எண், நான்கெல்லை, கடைசியில் ஒரு தொகை. அந்தத் தொகையைப் பார்த்ததும் "இந்த ஏரியாவில் இந்த விலைக்கா!" என்று மனசு துள்ளும். எனக்கும் அப்படித்தான் துள்ளியது. இதுவரை இரண்டு வீடுகளை ஏலத்தில் எடுத்து வாடகைக்கு விட்டிருக்கிறேன், மூன்றாவது ஒன்றுக்கு முன்வைப்புத் தொகை கட்டிவிட்டு, ஏலத்துக்கு முந்தைய நாள் ஆவணங்களைப் பார்த்து ஏலம் கேட்காமலே ஒதுங்கிவிட்டேன். மூன்றிலும் சேர்த்துப் புரிந்துகொண்டது இதுதான்: ஏலத்தில் விலை குறையக் காரணம், சாதாரண விற்பனையில் விற்பவர் முடித்துத் தரும் வேலைகள் எல்லாம் இங்கே வாங்குபவர் தலையில் விழுகின்றன. அந்த வேலைகளுக்கு எவ்வளவு பணம், எத்தனை மாதம் ஆகும் என்று கணக்குப் போட்டவருக்குத்தான் இது முதலீடு.

நான் சொல்வது தமிழ்நாட்டில் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் சர்ஃபாசி சட்டத்தின் கீழ் (கடன் நின்றுபோனால் அடமானச் சொத்தை கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து விற்க வழி தரும் சட்டம்) நடத்தும் ஏலங்களைப் பற்றி. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் மீட்பு அதிகாரி நடத்தும் ஏலம், சிவில் கோர்ட் நிறைவேற்று மனுவில் வரும் ஏலம், திவால் சட்ட ஏலம் எல்லாம் வேறு விதிகள், அவற்றை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சட்டம் 2002-இல் வந்தது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் கணக்கு வாராக்கடன் ஆகிறது. வங்கி 13(2) பிரிவில் 60 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பும். பணம் வரவில்லை என்றால் 13(4)-இன் கீழ் சொத்தைச் சுவாதீனம் எடுத்ததாக, அதாவது தன் வசம் எடுத்ததாக, அறிவிக்கும், பேப்பரிலும் போடும். அப்புறம் மதிப்பீட்டாளரை வைத்துக் குறைந்தபட்ச விலை, அதாவது ரிசர்வ் விலை, நிர்ணயித்து ஏல அறிவிப்பு. முதல் ஏலத்துக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம், யாரும் கேட்காமல் போய் மறுபடி நடத்தினால் 15 நாள். அறிவிப்பு இரண்டு முன்னணி நாளிதழ்களில் வர வேண்டும், அதில் ஒன்று உள்ளூர் மொழியில். இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பொதுத்துறை வங்கிகளின் ஏலச் சொத்துகளை பாங்க்நெட் என்ற ஒரே தளத்தில் பார்க்கலாம். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் தளத்திலோ தனியார் ஏல நிறுவனங்களின் தளத்திலோ போடுகின்றன. "மேனேஜர் நம்ம ஆள், ரிசர்வ் விலைக்கே முடித்துத் தருகிறேன், இரண்டு சதவீதம் கொடுங்கள்" என்று வருகிறவரிடம் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஏலம் ஆன்லைனில் நடக்கிறது, யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்குத்தான்.

பணம்: ஏலத்துக்கு அப்புறம் இல்லை, முன்னாலேயே

நிறைய பேர் இடறுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஏலத்தில் கலந்துகொள்ள முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், பெரும்பாலும் ரிசர்வ் விலையில் 10%. நீங்கள் ஜெயித்தால் அன்றே, அல்லது மிஞ்சிப்போனால் அடுத்த வேலை நாளுக்குள், முன்வைப்பையும் சேர்த்து ஏலத்தொகையின் 25% கட்டியாக வேண்டும். மீதி 75%, விற்பனை உறுதி செய்யப்பட்ட 15-ஆவது நாளுக்குள். வங்கி எழுத்து மூலம் சம்மதித்தால் நீட்டிக்கலாம், ஆனால் எப்படியும் மூன்று மாதத்தைத் தாண்ட முடியாது. கட்டத் தவறினால் கட்டிய பணம் பறிமுதல், சொத்து மறு ஏலத்துக்குப் போகும்.

பறிமுதல் என்றால் ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், 12.27 கோடிக்கு ஏலம் எடுத்தவர் 25 சதவீதமாக மூன்று கோடிக்கு மேல் கட்டினார், மீதியைக் கெடுவுக்குள் கட்ட முடியவில்லை. சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு ஓரளவு இரக்கம் காட்டியது. ஆனால் 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், முழு 25 சதவீதத்தையும் வங்கி பறிமுதல் செய்தது செல்லும் என்று சொல்லிவிட்டது. கோடிக்கணக்கில் போனவருக்கே இந்த நிலை என்றால், ஆயுள் சேமிப்பை வைத்துக்கொண்டு இறங்குகிற நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

வீட்டுக்கடன் வாங்கிக் கட்டலாமா? கட்டலாம், ஆனால் "சம்பளம் நல்லா இருக்கு, 50 லட்சம் வரை கிடைக்கும்" என்று வங்கி கொடுக்கும் முன் அனுமதிக் கடிதத்தை நம்பி ஏலத்தில் உட்காராதீர்கள். அது உங்கள் வருமானத்துக்குக் கொடுத்த அனுமதி. சொத்துக்கு வக்கீல் கருத்து, மதிப்பீடு இரண்டும் தனியாக வர வேண்டும், ஏலச் சொத்தில் மூலப்பத்திரங்கள் ஏலம் விடும் வங்கியின் பெட்டகத்தில் இருக்கும், நகல் வாங்கவே ஒரு வாரம் ஓடிவிடும். 15 நாளில் இதெல்லாம் முடியும் என்று எந்த கிளை மேலாளரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

அதனால் இரண்டு வழி. ஒன்று, ஏலம் விடும் வங்கியிடமே கடன் கேட்பது. அவர்களிடம் ஆவணங்கள் இருக்கின்றன, சொத்தை ஒருமுறை ஆராய்ந்தும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வாராக்கடன் கணக்கு ஒன்று முடிகிறது. ஏல அறிவிப்பு வந்த வாரமே போய், ஏலத்தை நடத்தும் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியையும் கடன் பிரிவையும் தனித்தனியாகப் பாருங்கள், ஏனென்றால் இவருக்கு அவர் செய்வது தெரியாது. எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ரிசர்வ் வங்கி வரம்பு இருக்கிறது: வீட்டுக்கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. இது உச்ச வரம்பு, நடைமுறையில் ஏலச் சொத்துக்குக் குறைத்தே கொடுப்பார்கள். முத்திரைத் தீர்வை செலவு இதில் சேராது, அது உங்கள் கைப்பணம்.

இன்னொரு வழி, நான் இரண்டு முறையும் செய்தது. கையில் ஏற்கெனவே இருக்கும் வீட்டின் மீது ஓவர் டிராஃப்ட் வசதியை ஏலம் தேடத் தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிட்டேன். எடுக்காத பணத்துக்கு வட்டி இல்லை, வருடாந்திரக் கட்டணம் மட்டும். ஏலம் கிடைத்ததும் அதிலிருந்து எடுத்து முழுத் தொகையையும் கட்டிவிட்டு, வங்கி தரும் விற்பனைச் சான்றிதழ் பதிவாகி வீடு காலியானதும், புது வீட்டின் மீது நிதானமாகக் கடன் வாங்கி ஓவர் டிராஃப்டை அடைத்தேன். அப்படிக் கடனில்லாத வீடு கையில் இல்லாதவர்கள், ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக்கடனில் டாப்-அப், வைப்புத்தொகை மீது கடன், நகைக்கடன் என்று சேர்த்துப் பார்க்கலாம். எதுவானாலும் ஏலத்துக்கு முன் அனுமதி கையில் இருக்க வேண்டும், ஏலம் ஜெயித்த மறுநாள் அலையக் கூடாது.

மாதம் மூன்று வட்டி, ஐந்து வட்டி என்று கொடுக்கும் ஆட்களிடம் மட்டும் போகாதீர்கள். "பதினைந்து நாளில் அடைத்துவிடலாம்" என்று வாங்கிய கடன், வீடு காலியாகாமல் இழுக்கும்போது வீட்டையே விழுங்கிவிடும். கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் மாட்டிக்கொண்ட பிறகு சட்டத்தைத் தேடுவது வேறு கதை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

சென்னைப் புறநகரில் ஒரு இரண்டு படுக்கையறை ஃபிளாட், அக்கம்பக்கத்தில் 60 லட்சத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் விலை 42 லட்சம். நீங்கள் 46 லட்சத்துக்கு எடுக்கிறீர்கள், 14 லட்சம் லாபம் என்று வீட்டில் இனிப்பு கொடுக்கிறீர்கள்.

முன்வைப்பு 4.20 லட்சம் ஏற்கெனவே கட்டியாயிற்று. 25 சதவீதம் 11.50 லட்சம், ஆக மறுநாளுக்குள் இன்னும் 7.30 லட்சம். பிறகு 34.50 லட்சம். அதோடு பதிவுச் செலவு. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. வங்கி தரும் விற்பனைச் சான்றிதழுக்கு எவ்வளவு தீர்வை என்பதில் கோர்ட்டில் நிறைய வழக்குகள் நடந்திருக்கின்றன, நீங்கள் 9% ஒதுக்கி வைத்துவிடுங்கள், குறைந்தால் நல்லது. அது 4.14 லட்சம். பழைய உரிமையாளர் சங்கத்துக்கு வைத்த பராமரிப்புப் பாக்கி ஒன்றரை லட்சம், சொத்து வரியும் மின் கட்டணமும் சேர்த்து அரை லட்சம், வக்கீல் செலவு அரை லட்சம், பூட்டிக்கிடந்த வீட்டுக்கு வயரிங், குழாய், பெயின்ட் என்று மூன்று லட்சம். வீடு கைக்கு வரப் பத்து மாதம் ஆகிறது, 9.5% வட்டி என்றால் 46 லட்சத்துக்கு அந்தப் பத்து மாத வட்டி சுமார் 3.64 லட்சம். எல்லாம் கூட்டினால் 59 லட்சத்தைத் தாண்டுகிறது. 14 லட்சம் லாபம் எங்கே போயிற்று?

அதனால் நான் பின்னாலிருந்து கணக்குப் போடுவேன். சந்தை விலையை முதலில் எழுதி, அதிலிருந்து இந்தச் செலவுகள் எல்லாவற்றையும் கழித்து, எனக்கு வேண்டிய லாபத்தையும் கழித்து, மிச்சம் வருவதுதான் நான் கேட்கும் உச்ச விலை. அதை ஒரு சீட்டில் எழுதி ஏலத்தன்று மானிட்டரில் ஒட்டிவிடுவேன். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும், அந்த நேரத்தில் இன்னும் ஐம்பதாயிரம்தானே என்று கை துறுதுறுக்கும். சீட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் எழுந்து போய்விடுங்கள்.

வருமான வரி பற்றி இன்னும் இரண்டு விஷயம். ஏலத்தொகை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் 1% டி.டி.எஸ். (கொடுக்கும் தொகையிலேயே பிடிக்கும் வரி) நீங்கள் பிடித்துக் கட்ட வேண்டும், யார் பெயரில், எந்த பான் எண்ணில் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அரசின் வழிகாட்டி மதிப்பைவிட மிகக் குறைவாக எடுத்தால் அந்த வித்தியாசத்தை உங்கள் வருமானமாகப் பார்த்து வருமான வரித்துறை கேள்வி கேட்க வாய்ப்பு உண்டு, ஆடிட்டரிடம் ஏலத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

சாவி யாரிடம் இருக்கிறது?

அறிவிப்பில் நான் முதலில் தேடும் சொல் சுவாதீனம். நேரடி சுவாதீனம் என்றால் வீடு பூட்டப்பட்டு சாவி வங்கியிடம் இருக்கிறது. அடையாள சுவாதீனம் என்றால் வங்கி கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது, உள்ளே ஆள் குடியிருக்கிறார். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் அடையாள சுவாதீன வீட்டைத் தொடாதீர்கள், முதல் முறை வாங்குகிறவர் தள்ளுபடி எவ்வளவு என்றாலும் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

என் முதல் வீடு அடையாள சுவாதீனத்தில் இருந்தது. வங்கி அதிகாரி "இரண்டு மாதத்தில் காலி செய்து கொடுத்துவிடுவோம் சார்" என்றார், நான் நம்பினேன், எழுத்தில் வாங்கவில்லை. பதினான்கு மாதம் ஆனது. ஆளை வெளியேற்ற வங்கி 14-ஆம் பிரிவில் மனு போட வேண்டும், சென்னையில் தலைமைப் பெருநகர நீதித்துறை நடுவரிடம், மற்ற மாவட்டங்களில் கலெக்டரிடம் அல்லது தலைமை நீதித்துறை நடுவரிடம். சட்டத்தில் 30 நாள், அதிகபட்சம் 60 நாளுக்குள் உத்தரவு என்று இருக்கிறது. அப்புறம் வக்கீல் ஆணையர் நியமனம், போலீஸ் பாதுகாப்பு, தேர்தல் வந்தால் போலீஸ் கிடையாது, திருவிழா வந்தால் கிடையாது. நான் வட்டி கட்டிக்கொண்டே இருந்தேன். இப்போது கேட்டால், முழுத்தொகை கட்டும் முன்பே, 14-ஆம் பிரிவு மனு போட்டாயிற்றா, எண் என்ன, உத்தரவு வந்ததா என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள் என்பேன்.

உள்ளே இருப்பவர் வாடகைதாரரா, உரிமையாளரா என்றும் பாருங்கள். அடமானத்துக்கு முன்பே பதிவு செய்த குத்தகையோடு இருக்கும் வாடகைதாரரை அவ்வளவு எளிதில் நகர்த்த முடியாது. வில்லங்கச் சான்றில் குத்தகை ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள்.

உரிமையாளர் குடும்பமே இருந்தால், போய்ப் பேசுங்கள், ஆனால் மிரட்டும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். என் முதல் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், மகன் வியாபாரத்தில் எல்லாவற்றையும் இழந்திருந்தார். கடைசியில் ஆணையர் வரும் முன்பே, இடம் மாறும் செலவுக்கும் புது வாடகை வீட்டு அட்வான்ஸுக்கும் நான் ஒரு தொகை கொடுத்தேன், வங்கி வழியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. ஒரே வாரத்தில் காலி செய்தார்கள். அதை முதல் மாதமே செய்திருந்தால் எனக்கு வட்டி மிச்சம், அவர்களுக்கு ஒரு வருட மனவேதனை மிச்சம். அந்தத் தொகையை உங்கள் கணக்கில் முதலிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

ஆவணங்களை வங்கி பார்த்திருக்குமே என்று விடாதீர்கள்

அறிவிப்பின் அடியில் "உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில் இருக்கிறபடி" என்று ஒரு வரி இருக்கும். அதன் பொருள், பிறகு எதற்கும் வங்கியிடம் வரக் கூடாது என்பதே. வங்கிக்குத் தெரிந்த வில்லங்கத்தை மட்டுமே அறிவிப்பில் சொல்வார்கள்.

பதிவுத்துறை தளத்தில் வில்லங்கம் பார்ப்பது இலவசம். பார்க்கக் கிடைக்கும் ஆண்டுகள் முழுவதற்கும் பாருங்கள், தாய்ப்பத்திரத்திலிருந்து ஒரு கண்ணியும் விடாமல் வருகிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். பட்டா, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்), அ-பதிவேடு (நிலம் எந்த வகை என்று சொல்லும் வருவாய்த்துறைப் பதிவேடு) மூன்றும் எடுங்கள். அ-பதிவேட்டில் கோயில் நிலம், புறம்போக்கு என்று ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மனை என்றால் அங்கீகாரம் இருக்கிறதா, 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்ற அங்கீகாரமற்ற மனை என்றால் வரன்முறை செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். விவசாய நிலத்துக்கு சர்ஃபாசி சட்டம் பொருந்தாது என்று 31-ஆம் பிரிவு சொல்கிறது, "தோப்போடு வீடு" என்று அழகாக வரும் அறிவிப்புகளில் இந்தச் சிக்கல் ஒளிந்திருக்கும்.

ஃபிளாட்டில் பிரிக்கப்படாத மனைப்பங்கு, அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு, எவ்வளவு என்று பத்திரத்தில் படியுங்கள். கட்டட அனுமதியில் மூன்று மாடி, நேரில் நான்கு மாடி, நீங்கள் எடுப்பது நான்காவது மாடி என்றால் யோசிக்க வேண்டியதே இல்லை.

நான் முன்வைப்பு கட்டிவிட்டு ஒதுங்கிய மூன்றாவது சொத்து, ஒரு தந்தை தனியாக அடமானம் வைத்த பூர்வீக வீடு. இணையத்தில் நீதிமன்ற வழக்குத் தளத்தில் அவர் பெயரைப் போட்டுத் தேடியபோது, மகள்கள் போட்ட பாகப்பிரிவினை வழக்கு வந்தது. தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை கொடுத்துத் திருத்தம் வந்துவிட்டது, 2005-இல் நாடு முழுக்க வந்தது. வங்கி அறிவிப்பில் அந்த வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடன் மீட்புத் தீர்ப்பாயத்தின் தளத்திலும் கடன்தாரர், ஜாமீன்தாரர் பெயர்களைத் தேடுங்கள். தமிழ்நாட்டுச் சொத்துகளுக்கு சென்னை, கோயம்புத்தூர், மதுரைத் தீர்ப்பாயங்களில் பாருங்கள்.

தேதிகளை எழுதச் சொன்னேனே, அது இதற்குத்தான். கடன்தாரர் 17-ஆம் பிரிவில் 45 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 60 நாள் நோட்டீஸ் சரியாகப் போகவில்லை, 30 நாள் இடைவெளி இல்லை, மதிப்பீடு பழையது என்று காட்டினால் ஏலமே ரத்தாகக் கூடும். பணம் திரும்ப வரும், ஆனால் ஆண்டுகள் வராது. ஒரு ஆறுதல்: ஏல அறிவிப்பு வெளியான பிறகு கடன்தாரர் பணத்தைக் கட்டி சொத்தை மீட்கும் உரிமை முடிந்துவிடுகிறது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்பு ஏலம் எடுத்த பின்னும் கடைசி நேரத்தில் பறிபோகும் பயம் இருந்தது.

மின்வாரியப் பாக்கியையும் விடாதீர்கள். பழைய உரிமையாளரின் பாக்கியைக் கட்டினால்தான் இணைப்பு என்று புது உரிமையாளரிடம் விதிகளின்படி கேட்கலாம் என்பதும் 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மீட்டர் எண்ணைக் குறித்து வந்து பாக்கி பாருங்கள், தொழிற்சாலை, கடை என்றால் இது லட்சக்கணக்கில் போகும்.

எல்லாம் முடிந்து முழுத்தொகை கட்டியதும் விற்பனைச் சான்றிதழ் வாங்குங்கள். அதில் சர்வே எண், பரப்பு, கதவு எண் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று அதிகாரி முன்னாலேயே வரி வரியாகப் படியுங்கள், ஒரு எண் பிழை இருந்தாலும் சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்புவார்கள். மூலப்பத்திரங்களைப் பட்டியல் போட்டு, எண்ணி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுங்கள். வீட்டைத் திறக்கும்போது வங்கி ஆள் கூட இருக்க வேண்டும், உள்ளே கிடக்கும் பொருள்களை எழுதி, வீடியோ எடுத்து வையுங்கள். என் இரண்டாவது வீட்டின் பரணில் பழைய உரிமையாளரின் பிள்ளைகளுடைய மார்க்‌ஷீட்டுகள் ஒரு பையில் இருந்தன, வங்கியிடம் முகவரி கேட்டு அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு பூட்டை மாற்றிவிட்டு, பட்டா, சொத்து வரி, மின் இணைப்பு மூன்றுக்கும் பெயர் மாற்ற மனுவை அந்த வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.